விளம்பரத் தலைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தலைப்பை முதலில் எழுதுவதா, உள்ளே வரும் வாசகத்தை முதலில் எழுதுவதா?

இரண்டுக்கும் முன்னால் பொருளைப் பற்றிய விவரங்களை எழுதுங்கள். எவ்வளவு நேரத்தில் வேலை முடிகிறது, எவ்வளவு எடை தாங்கும், எதைச் செய்யாது, எப்போது பழுதாகும் என்று ஒரு பக்கம் நிரம்பட்டும். வாங்கியவர்கள் பாராட்டும்போதும் குறை சொல்லும்போதும் என்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்களோ, அதே சொற்களில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பதினைந்து, இருபது தலைப்புகள் எழுதுங்கள். முதலில் வரும் ஐந்தாறு, அந்தத் தொழிலில் எல்லோரும் எழுதுபவையாகத்தான் இருக்கும். அவற்றைத் தாண்டிய பிறகுதான் உங்கள் பொருளுக்கே உரிய செய்தி மேலே வரும்.

1958-ல் ரோல்ஸ்-ராய்ஸ் காருக்கு விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி எழுதிய தலைப்பைப் பாருங்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது அந்தக் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின் கடிகாரத்தின் சத்தம்தான் என்கிறது அது. அவர் அதைக் கற்பனை செய்யவில்லை. ஒரு கார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னதிலிருந்து எடுத்தார். 'சத்தமில்லாத சொகுசுக் கார்' என்ற வரியை எந்த நிறுவனமும் போட்டுக்கொள்ளலாம். கடிகாரத்தை அப்படிக் கடன் வாங்க முடியாது.

எழுதி முடித்ததும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு, போட்டியாளர் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

கூகுள் தேடல் விளம்பரத்தில் தலைப்புக்கு 30 எழுத்து என்கிறார்கள். நான் இருபதுக்குள் எழுதினாலும் ஏற்க மறுக்கிறதே?

நீங்கள் எண்ணுவது எழுத்தை. கணினி எண்ணுவது குறிகளை. 'க' என்பது ஒன்று. 'கி', 'கூ', 'க்' ஒவ்வொன்றும் இரண்டு. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. 'வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம்' என்ற வரியில் கண்ணுக்குத் தெரிவது 16 எழுத்தும் 3 இடைவெளியும்தான். கணினிக்கு அது 33. கடைசிச் சொல்லை 'நீக்கம்' என்று மாற்றினால் சரியாக 30. மெய்யெழுத்து மலிந்த வினைமுற்றுகள்தான் இடத்தை அதிகம் தின்னும். முதலில் அங்கே கை வையுங்கள்.

குறுஞ்செய்தியிலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 என்றால் தமிழில் 70 மட்டுமே. அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டு ஒன்றுக்கு 67-தான் கிடைக்கும், கட்டணமும் துண்டுக் கணக்கில் ஏறும்.

ஆச்சரியக்குறியையும் எடுத்துவிடுங்கள். கூகுள் தேடல் விளம்பரத் தலைப்பில் அதற்கு அனுமதி இல்லை.

கைபேசித் திரையில் தலைப்பு பாதியில் வெட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?

தமிழில் வினை கடைசியில் வருவதால், வெட்டுப்படும்போது சொல்ல வந்ததே போய்விடுகிறது. 'மழைக்காலத்திலும் உங்கள் வீட்டுத் துணிகள் 3 மணி நேரத்தில் உலரும்' என்ற வரியில் பாதி போனால் மிஞ்சுவது மழைக்காலமும் துணியும். 'துணி 3 மணி நேரத்தில் உலரும், மழையிலும்' என்று திருப்பிப் போட்டால், வால் அறுந்தாலும் பலன் நிற்கும். 'உங்கள் வீட்டு' என்பது போனதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வரி மடங்கும் இடத்தையும் கவனியுங்கள். '3' ஒரு வரியிலும் 'மணி நேரம்' அடுத்த வரியிலும் விழக் கூடாது. சொற்களை நீளமாகச் சேர்த்து எழுதினால் திரை கண்ட இடத்தில் உடைக்கும். விளம்பரத்தைச் சிறிய திரை உள்ள ஒரு கைபேசியில் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள்.

எதுகை மோனை வைக்கலாமா?

செய்தியை முழுதாகச் சொன்ன பிறகு ஓசை தானாக அமைந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஓசைக்காக ஒரு சொல்லை மாற்றும்போது அளவோ பெயரோ நேரமோ விழுந்துவிட்டால் அது வேண்டாம்.

கேள்வியாகத் தலைப்பு வைப்பது நல்லதா?

படிப்பவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டு நகர முடிகிற கேள்வி ஆபத்தானது. 'பணத்தைச் சேமிக்க வேண்டுமா?' என்பதும் வீண்தான். எல்லோரும் 'ஆமாம்' என்பார்கள், அதற்காக யாரும் நின்று படிக்க மாட்டார்கள். 'பில் போட்ட பிறகு இருப்புக் கணக்கு ஏன் ஒத்துப்போவதில்லை?' என்று கேளுங்கள். கடை நடத்துபவர் மட்டும் நிற்பார். உங்களுக்கு வேண்டியவரும் அவர்தான். ஆனால், அந்தக் கேள்விக்கான பதில் உள்ளே முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.

கிளிக் நிறைய வருகிறது, விற்பனை இல்லை. தலைப்பு நன்றாகத்தானே இருக்கிறது?

இல்லை. ஆர்வத்தை மட்டும் தூண்டி, யாருக்கான பொருள் என்பதை அது மறைத்திருக்கலாம். வாங்கப் போகாதவரின் கிளிக்குக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். 'சிறு கடைகளுக்கு', 'மாதச் சந்தா' போன்ற ஒரு சொல்லைத் தலைப்பில் சேருங்கள். கிளிக் குறையும், குறையட்டும். இனி விற்பனை ஒன்றுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை மட்டும் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால், கிளிக் செய்தவர் வந்து சேரும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தலைப்பில் சொன்னது அந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் அதே சொற்களில் இருக்க வேண்டும்.

இரண்டு தலைப்புகளை ஒப்பிட எத்தனை பேருக்குக் காட்ட வேண்டும்?

பலரும் நினைப்பதைவிட மிக அதிகம். நூற்றுக்கு 2 பேர் கிளிக் செய்யும் இடத்தில், அது 3 ஆகிறதா என்று ஓரளவு உறுதியாகத் தெரிய, தலைப்பு ஒன்றுக்குச் சுமார் 4,000 பேர் வேண்டும். 2 என்பது 2.4 ஆகிறதா என்று அறிய 20,000-க்கும் மேல் தேவை. அவ்வளவு பேர் கிடைக்காதவர்கள் 'வாங்குங்கள்', 'பெறுங்கள்' என்று ஒற்றைச் சொல்லை மாற்றிச் சோதித்துப் பயனில்லை. ஒன்று நேரத்தைச் சொல்லட்டும், இன்னொன்று உத்தரவாதத்தைச் சொல்லட்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் சிறிய கூட்டத்திலும் தெரியும். படம், காட்டும் நேரம், ஆட்கள் மூன்றும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தேவையான எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். இரண்டாம் நாளே முந்துகிற தலைப்பைப் பார்த்துச் சோதனையை நிறுத்தாதீர்கள்.