எஃகு ஆலையில் நியூரல் நெட்வொர்க்: மகள் பிரிவு மாற வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

உலோகவியல் இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், எஃகு உற்பத்தியில் நியூரல் நெட்வொர்க் (பழைய தரவுகளிலிருந்து கற்றுக் கணிக்கும் கணினி முறை) சார்ந்த வேலைக்குப் போக விரும்புகிறாள். அதற்காகக் கணினிப் பிரிவுக்கு மாறவும் துடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாற வேண்டாம் என்பதே என் கருத்து.

கன்வெர்ட்டர் எனும் எஃகு உலையில் உருகிய இரும்பின்மேல் ஆக்சிஜனை ஊதிக் கார்பனைக் குறைப்பது 15 முதல் 20 நிமிட வேலை. முடியும்போது கார்பன் அளவும், 1,650 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையும் ஒருசேரக் குறிக்குள் வர வேண்டும். தவறினால் மறுபடி ஊத வேண்டும்; இரும்பும் வீணாகும், உலையின் உட்பூச்சும் தேயும். நிறை, வெப்பச் சமன்பாடுகள் இதைக் கணிக்கவே இருக்கின்றன. ஆனால் உள்ளே போடும் பழைய இரும்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. சமன்பாடு விட்டுவைக்கும் அந்தப் பிழையைப் பழைய பதிவுகளிலிருந்து கற்றுத் திருத்துவதுதான் நெட்வொர்க்கின் பங்கு. தகடு உருட்டும் ஆலைகளில் உருட்டு விசையைக் கணிக்க 1990களிலேயே இந்தக் கூட்டுமுறை வந்துவிட்டது.

சறுக்குவது எங்கே தெரியுமா? ஊதி முடித்த பிறகே தெரியவரும் மொத்த ஆக்சிஜன் அளவை உள்ளீடாகக் கொடுத்துவிட்டு, கணிப்பு அபாரம் என்று மகிழ்கிறவர்கள் உண்டு. ஊதும்போது அந்த எண் கையில் இருக்காது! இன்னொன்று: பயிற்சியில் பார்க்காத கலவையைக் கொடுத்தாலும் நெட்வொர்க் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும். அதை நம்பலாமா என்று சந்தேகிக்க உலோகவியல் தெரிந்திருக்க வேண்டும். நிரல் எழுதுவதை ஓராண்டில் பழகிக்கொள்ளலாம். இந்தச் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் வராது.

வெப்ப இயக்கவியலையும் புள்ளியியலையும் அவள் விடவே கூடாது. பைத்தான் நிரல்மொழியை விடுமுறையில் கற்கட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (இர்வைன்) யூசிஐ தரவுக் களஞ்சியத்தில் எஃகுத் தகடுக் குறைகள் பற்றிய தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது: 1,941 தகடுகள், 27 அளவீடுகள், 7 வகைக் குறைகள். அதில் முதலில் முடிவு மரம் (கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வகை பிரிப்பது) போன்ற எளிய முறையை முயலட்டும். இத்தகைய அட்டவணைத் தரவில் நெட்வொர்க் அதை வெல்லாமலும் போகலாம். அதுவும் நல்ல பாடம்தான். பொருளறிவியலில் நியூரல் நெட்வொர்க் பற்றிப் உலோகவியல் பேராசிரியர் பாதேஷியா 1999இல் எழுதிய கட்டுரையையும் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். கணிப்போடு அதன் நிச்சயமின்மையையும் சொல்ல வேண்டும் என்பதை அது நன்றாக உணர்த்தும்.

உள்ளகப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது ஆலையின் கணினித் துறையைக் கேட்காமல், உருக்குப் பட்டறையின் செயல்முறைக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்கட்டும். இரவு ஷிப்டு வரும். அதற்கு நீங்களும் இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.