வெள்ளை ஒயின் தேன் நிறத்தில் இருந்தால் கெட்டுவிட்டதா?

கேள்வி: ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் என் மகன் மே மாத விடுமுறைக்கு வந்தபோது ‘கிசி’ என்ற வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் வாங்கி வந்தான். அப்போதிலிருந்து பீரோ மேல்தான் இருக்கிறது. இப்போது பார்த்தால் தேன் நிறம், அடியில் வண்டல் வேறு. கெட்டுவிட்டதா? அடுத்த மாதம் ஏற்காட்டில் நண்பர்களோடு கூடும்போது திறக்கலாமா? என்ன சமைக்கலாம்?
- வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பீரோ மேல் இருக்கிறது என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

கிசி, கிழக்கு ஜார்ஜியாவின் ககேத்தி பகுதியில் விளையும் பழைய வெள்ளைத் திராட்சை. அந்த நாட்டுக்கே உரிய ரகங்கள் 500-க்கு மேல் உண்டு. அவற்றில் வெளிநாடுகளுக்கு அதிகம் போவது சபெராவி என்ற சிவப்பு ரகம். சோவியத் காலத்தில் அருகிப்போன கிசியை இப்போது மறுபடி பயிரிடுகிறார்கள். உங்கள் மகன் விவரமாகத்தான் வாங்கியிருக்கிறார்.

வழக்கமாக வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். ககேத்தியின் பழைய முறையில் சாறு, தோல், கொட்டை, சில சமயம் காம்பு வரை எல்லாமே மண்ணில் புதைத்த பெரிய தாழிக்குள் போகும். இந்தத் தாழிக்குப் பெயர் க்வெவ்ரி. ஐந்தாறு மாதம் அப்படியே ஊறும்போது தோலின் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும். 2013-ல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பலர் இதை வடிகட்டாமலே பாட்டிலில் அடைப்பதால் வண்டலும் சகஜம்.

ஆனால் கிசியில் வெளிர் மஞ்சள் ஒயினும் செய்கிறார்கள். அதனால் லேபிளில் ‘க்வெவ்ரி’ அல்லது ‘ஆம்பர்’ (தோலோடு ஊறிய இந்தத் தேன் நிற ஒயினின் பெயர்) என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லாமல் பழுப்பாக இருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கலாம்.

அப்புறம் வெயில். சேலத்துக் கோடையில் கான்கிரீட் தளத்தின் சூடு முழுக்க பீரோ மேல்தான் இறங்கும். கார்க் மேலே தள்ளியிருக்கிறதா, ஓரத்தில் கசிந்து பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். திறந்ததும் வினிகர் வாடையோ நெயில் பாலிஷ் வாடையோ அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடலாம்.

ஏற்காட்டுக்கு முந்தின நாளே கொண்டுபோங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வண்டல் கலங்காமல் இருக்காது. ஒரு இரவு நிமிர்த்தி வைத்தால் படிந்துவிடும். ஜில்லென்று பரிமாறாதீர்கள், மணம் அடங்கி, துவர்ப்புதான் நாக்கில் நிற்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள், 12 முதல் 15 டிகிரி போதும்.

சாப்பாட்டில் மிளகாய்தான் இதற்கு எதிரி. துவர்ப்பும் காரமும் சேர்ந்தால் இரண்டுமே தூக்கலாகிவிடும். பள்ளிபாளையம் சிக்கன் வேண்டாம், தட்டுவடை செட்டும் வேண்டாம் (சேலத்தில் இதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும்). ஜார்ஜியர்கள் கோழியை வால்நட் அரைத்த குழம்பில் சமைப்பார்கள். நீங்கள் முந்திரியும் தேங்காயும் அரைத்துவிட்டு, காரம் குறைத்துக் கோழிக் குருமா வையுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு நெய்யில் வதக்கிய காளான் நன்றாகவே சேரும். மிச்சமிருந்தால் கார்க்கை இறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.