மூடாக்குக்கு விலை சொல்லும்போது எங்கே இடிக்கிறது

வணக்கம் நண்பரே. 1,000 சதுர அடித் தோட்டத்தில் மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குக்காகத் தேங்காய் மட்டைத் துண்டு 10,000 ரூபாய்க்கு வாங்கி, 50 சதவீதம் ஏற்றி 15,000 சொன்னீர்கள். வண்டிக்கு 1,500, கூலிக்கு 3,500 போனதும் மிச்சமில்லை என்கிறீர்கள். மட்டைத் துண்டின் விலை மீது மட்டும் சதவீதம் வைத்ததுதான் காரணம். மொத்தச் செலவே 15,000 ஆகிவிட்டதே!

விலையில் 25 சதவீதம் லாபமாக நிற்க வேண்டுமானால் மொத்தச் செலவை 0.75ஆல் வகுங்கள்: 20,000. செலவோடு 25 சதவீதம் கூட்டினால் 18,750தான் வரும். அதில் லாபம் 20 சதவீதமே. நானும் பல வருடம் இந்த இடத்தில்தான் தவறினேன். நீங்களே இறங்கி வேலை செய்தாலும் உங்கள் கூலியைச் செலவில் எழுதுங்கள், தயவுசெய்து.

அடுத்து, மூடாக்கின் ஆழம். இதே தோட்டத்துக்கு 3 அங்குலம் என்றால் 250 கன அடி, 2 அங்குலம் என்றால் சுமார் 167. ஆழத்தைக் கொட்டேஷனில் எழுதாவிட்டால் வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்பார், அது உங்கள் பணம். பரப்பியது அமுங்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவேன்.

எடைக்கு வாங்குகிறீர்களா? மட்டை தண்ணீரை நன்றாக உறிஞ்சும். மழைக்காலத்தில் நனைந்த சரக்கை எடைபோட்டு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். கன அடிக் கணக்கில் கேளுங்கள்.

இந்த வாடிக்கையாளரிடம் பேசிய விலையை மாற்ற வேண்டாம். அடுத்த வருடம் பழைய மூடாக்கின் மேல் இன்னும் ஒரு அங்குலம் போடும்போது புதுக் கணக்கில் சொல்லுங்கள்.