17 வயது ஸ்ட்ரைக்கரை இப்போதே ஐரோப்பாவுக்கு அனுப்பலாமா? லைல் ஃபாஸ்டர் எப்படி மேலே வந்தார்?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்வி இருக்கிறது. தென்னாப்பிரிக்க ஸ்ட்ரைக்கர் (கோல் போடுவதற்காக முன்னால் ஆடுபவர்) லைல் ஃபாஸ்டர் எப்படி மேலே வந்தார் என்பது ஒன்று. டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கும் உங்கள் அக்கா மகனுக்கு 17 வயது, நல்ல ஸ்ட்ரைக்கர், ஒரு ஏஜென்ட் “பெல்ஜியத்தில் ட்ரயல் வாங்கித் தருகிறேன், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள்” என்று நெருக்குகிறார், அனுப்பலாமா என்பது இன்னொன்று. நான் டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்காரன். சனிக்கிழமைகளில் இங்கே பையன்கள் டீமுக்குக் கோச்சோடு உதவிக்கு நிற்பவன். ஏஜென்டும் இல்லை, வக்கீலும் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃபாஸ்டர் 2000 செப்டம்பரில் சொவெட்டோவில் பிறந்தவர். தென்னாப்பிரிக்க கிளப்பான ஆர்லாண்டோ பைரேட்ஸின் இளையோர் அணிகளில் வளர்ந்து, 18 ஆவதற்கு முன்பே பைரேட்ஸின் முதல் அணிக்கு ஆடிவிட்டார். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். 18 முடிந்ததும், 2019 ஜனவரியில், மொனாக்கோ. கேட்டால் யாருக்குத்தான் புல்லரிக்காது? 2017-ல் பிரான்ஸ் சாம்பியன் ஆன கிளப், எம்பாப்பே வளர்ந்த கிளப். ஆனால் ஃபாஸ்டர் போய்ச் சேர்ந்த நேரத்தில் மொனாக்கோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும் பயத்தில் இருந்தது. அந்த ஜனவரியிலேயே பயிற்சியாளர் தியெரி ஹென்றியை நீக்கினார்கள். சீசன் முடிவில் 17-ஆம் இடம், மயிரிழையில் தப்பித்தார்கள். முன்னால் ஆட ஃபல்காவ் இருக்கிறார், தோற்றால் வேலை போய்விடும் என்ற நிலையில் பயிற்சியாளர் இருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 18 வயதுப் பையனை இறக்கிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? முதல் அணியில் அவருக்குப் பெரிதாக வாய்ப்பே வரவில்லை.

அப்புறம் மொனாக்கோவின் கைக்குள் இருக்கும் பெல்ஜியம் கிளப்பான செர்க்கிள் ப்ரூஜுக்கு லோன், அதாவது தற்காலிகமாக ஆடக் கொடுப்பது. அந்த சீசனைக் கொரோனா பாதியில் முடித்து வைத்தது. 2020-ல் போர்ச்சுகலின் விட்டோரியா கிமராய்ஷ். அங்கும் நிலையான இடம் இல்லை. 2021-ல் மறுபடி பெல்ஜியம், இந்தத் தடவை வெஸ்டர்லோ, அதுவும் இரண்டாம் டிவிஷன். பைரேட்ஸ் ரசிகர்களில் எத்தனையோ பேர் “அவ்வளவுதான், பையன் கதை முடிந்தது” என்று சொன்ன நேரம் அது. ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கை உண்மையில் தொடங்கியதே அங்கேதான் என்பேன். வாராவாரம் ஆடினார். 2022-ல் வெஸ்டர்லோ அந்த டிவிஷனை வென்று மேலே வந்தது. மேலே வந்த பிறகும் கோல் போட்டார். 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் பர்ன்லி வாங்கியது, அந்த சீசனே பர்ன்லி அந்நாட்டின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. ஆகஸ்ட் 27 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஃபாஸ்டரின் முதல் பிரீமியர் லீக் கோல். பர்ன்லி 1-3 என்று தோற்றது, அது வேறு கதை.

மொனாக்கோ என்ற பெயர் அவருக்குக் கொடுக்காததை வெஸ்டர்லோவின் ஆட்ட நிமிடங்கள் கொடுத்தன. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: எந்த கிளப் என்று கேட்காதீர்கள், வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஆடுவான் என்று கேளுங்கள். ஸ்ட்ரைக்கருக்கு இது மற்ற எல்லோரையும்விட அதிகம் பொருந்தும். இப்போது பெரும்பாலான அணிகள் முன்னால் ஒரே ஒரு ஆளைத்தான் நிறுத்துகின்றன. டிஃபெண்டருக்கு அடிபட்டால் பக்கத்து இடத்தில் ஆடுபவனை நகர்த்தி இளைஞன் ஒருவனை உள்ளே விடுவார்கள். ஸ்ட்ரைக்கருக்குக் கிடைப்பது கடைசிப் பத்து நிமிடம், அதுவும் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது. அதில் கோல் போடாவிட்டால் அடுத்த வாரம் அந்தப் பத்து நிமிடமும் போச்சு.

நம் நாட்டு ஸ்ட்ரைக்கர் பென்னி மெக்கார்த்தியைப் பாருங்கள், இதே கதைதான். கேப் டவுன் ஹானோவர் பார்க்கில் பிறந்தவர், உள்ளூர் கிளப்பான செவன் ஸ்டார்ஸில் கோலாகப் போட்டுத் தள்ளி, 1997-ல் நெதர்லாந்தின் அயாக்ஸ் போனார். 1998 ஆப்பிரிக்கக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிராக 13 நிமிடத்துக்குள் நான்கு கோல். அப்போது அவருக்கு 20 வயது. அதே வருடம் உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராக அவர் போட்டதுதான் தென்னாப்பிரிக்காவின் முதல் உலகக் கோப்பை கோல். இவ்வளவு செய்தவரே ஸ்பெயினின் செல்டா விகோவில் பெஞ்சில் உட்கார்ந்து காய்ந்தார். 2002 தொடக்கத்தில் போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு லோன். அங்கே பயிற்சியாளர் மொரின்யோ ஆட விட்டார், 11 லீக் ஆட்டத்தில் 12 கோல். பிறகு போர்ட்டோவிலேயே சாம்பியன்ஸ் லீக் கோப்பை. ஆள் மாறவில்லை, ஆடக் கிடைத்த நேரம்தான் மாறியது.

அவசரம் வேண்டாம் என்பதற்கு நம் கடலுக்கு அந்தப் பக்கம் ரியூனியன் தீவில் ஓர் ஆள் இருக்கிறார். கியோம் ஓராவ் தீவின் செயின்ட் லூயி ஊர்க்காரர். பிரான்ஸின் லெ ஹாவ்ர் கிளப்பில் சேர்ந்தபோதே 20 வயது. நடுவில் சின்ன கிளப் ஒன்றுக்கு லோன். 2007-08-ல் பிரான்ஸ் இரண்டாம் டிவிஷனில் 28 கோல் போட்ட பிறகுதான், 24 வயதில், பாரிஸ் செயின்ட் ஜெர்மைன். முதல் சீசனிலேயே லீகில் 17 கோல். பிரான்ஸ் தேசிய அணிக்கும் ஆடினார்.

எங்கள் ஊர்க் கதையையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1928-ல் ஜி. ஆர். நாயுடு தொடங்கிய மேனிங் ரேஞ்சர்ஸ், 1996-97-ல் தென்னாப்பிரிக்காவின் முதல் டிவிஷன் லீகான பிஎஸ்எல்லின் முதல் சாம்பியன். சாட்ஸ்வொர்த்தில் இன்றைக்கும் வயதானவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு வராமல் போகாது. அந்த கிளப்பில் ஆடிய ஸ்ட்ரைக்கர் ஜார்ஜ் கூமன்டராக்கிஸ் பின்னால் சுவிட்சர்லாந்தில் லூசெர்ன், பாசெல் என்று போனார். உள்ளூரில் பெரியவர்களோடு ஆடிவிட்டுப் போனவர்.

ஃபாஸ்டர் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதல் கோல் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டத்தில் சிவப்பு அட்டை. நவம்பரில் பர்ன்லியே அறிக்கை விட்டது: ஃபாஸ்டர் மனநலச் சிக்கலுக்கு நிபுணர்களிடம் சிகிச்சை பெறுகிறார், கிளப் அவர் கூடவே நிற்கிறது என்று. அதை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னதே பெரிய விஷயம். அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டு மறுபடி ஆட வந்தார். காரணம் இதுதான் என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, நான்கே வருடத்தில் நான்கு நாடு, ஐந்து கிளப் என்பது எந்தப் பிள்ளைக்கும் சின்ன பாரம் இல்லை. உங்கள் அக்காவிடம் இதைப் பேசுங்கள். புரட்டாசி வந்தால் வீடு முழுக்க விரதம், தெருவில் பாதி வீட்டில் மரக்கறி வாசனை, கோயில், சொந்தபந்தம். அந்த நேரம் ஐரோப்பாவில் சீசன் சூடு பிடித்திருக்கும். பையன் தனி அறையில், மொழி தெரியாத ஊரில், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து தூங்க வேண்டும். தாங்குவானா என்று அவனையே கேளுங்கள், மாமா கேட்டால் உண்மையைச் சொல்வான்.

சரி, பையன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடுத்த மேட்சில் கோலை எண்ணாதீர்கள். பந்தை விட்டுவிட்டு அவன் கழுத்தை மட்டும் பாருங்கள். பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும்போது, தன்னிடம் வருவதற்கு முன்பே, தோளுக்குப் பின்னால் திரும்பி டிஃபெண்டர் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறானா? பந்து வந்த பிறகுதான் தலையைத் தூக்குகிறானா? 17 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் உடம்பும் வேகமும் இருந்தால் பத்து கோல் வந்துவிடும், எங்கள் மைதானத்தில் அப்படிப்பட்ட பையன்களை நிறையப் பார்க்கிறோம். எதிரில் 25 வயது டிஃபெண்டர் நின்றால் அந்த உடம்பு எடுபடாது. முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவன்தான் அங்கே பிழைப்பான். ஃபாஸ்டர் பைரேட்ஸில் 18-க்கு முன்பே பெரியவர்களோடு ஆடினார் என்று சொன்னேனே, அது இதற்காகத்தான். போகும்போதும் கையில் காண்ட்ராக்டோடு போனார்.

இனி சட்டம். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்ற முடியாது. சில விலக்குகள் உண்டு: பெற்றோர் ஃபுட்பாலுக்குச் சம்பந்தம் இல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே மாறுவது மாதிரி. உங்கள் வீட்டுக்கு எதுவும் பொருந்தாது. ஆக, ஏஜென்ட் எவ்வளவு குதித்தாலும் 18 முடியாமல் எந்த பெல்ஜியம் கிளப்பிலும் பையனைப் பதிவு செய்ய முடியாது. “சீக்கிரம்” என்பதற்கு அர்த்தமே இல்லை. ஏஜென்ட் வேலை பார்க்க ஃபிஃபா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும், வயது வராத பையன் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். ட்ரயலுக்கு என்று உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் விசா, ஹோட்டல், ட்ரயல் ஃபீஸ் என்று கட்டிவிட்டு, வராத டிக்கெட்டுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. பையன் 12 வயதிலிருந்து எந்தெந்த கிளப்பில் ஆடினானோ அந்தப் பதிவுக் காகிதங்களை எல்லாம் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அவனை ஒரு நாட்டு கிளப் இன்னொரு நாட்டு கிளப்புக்கு விற்றால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துப் போகும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5 சதவீதம். ஒரு மில்லியன் யூரோவுக்கு விற்றால், 13 வயதில் அவனை வைத்து ஆட்டிய ஃபீனிக்ஸ் கிளப்புக்கு அந்த ஒரு வருடத்துக்கு 2,500 யூரோ. சின்ன கிளப்புக்கு அது பந்து, ஜெர்சி, பஸ் எல்லாவற்றுக்கும் ஆகும். பதிவு சரியாக இல்லை என்றால் ஒரு சென்ட்கூட வராது.

என்னைக் கேட்டால், இந்த வருடம் டர்பனிலேயே முயற்சி பண்ணட்டும். அமாசூலு இருக்கிறது, கோல்டன் ஆரோஸ் இருக்கிறது. டிஸ்கி சாலஞ்ச் என்ற ரிசர்வ் லீக் (கிளப்புகளின் இரண்டாம் அணிகள் ஆடும் லீக்) 2014-லிருந்து நடக்கிறது, அங்கே ஆடினால் பெரிய அணிகளின் பயிற்சியாளர்கள் கண்ணில் படுவான். அதற்கு டாக்ஸி காசு போதும். பள்ளியின் கடைசித் தேர்வான மெட்ரிக்கும் முடித்துவிடலாம். 18-க்கு முன் இங்கேயே காண்ட்ராக்ட் கொடுத்தால், மூன்று வருடத்துக்கு மேல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், ஃபிஃபா விதியே அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஏஜென்ட் மறுபடி போன் செய்தால் வாயால் பேச வேண்டாம். லைசென்ஸ் விவரம், பெல்ஜியம் கிளப்பின் லெட்டர்ஹெட்டில் அழைப்புக் கடிதம், செலவு யாருடையது என்ற விவரம், இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.