கீஸரை அணைத்தால் கஷ்டம் தெரியுமா?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் எஸ்டேட் பிள்ளைதான். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். இப்போது குன்னூரில் சொந்த வீடு, கேஸ், கீஸர், பள்ளிக்கு வேன். மகனுக்கு 11 வயது. கரண்ட் போனால் அழுதுவிடுவான். "கஷ்டம் தெரியாம வளர்க்கிறோம்" என்று என் கணவர் வேனை நிறுத்திவிட்டார். இந்த டிசம்பர் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைக்கிறார். பத்து நாளாயிற்று. பையன் அப்பாவிடம் பேசுவதே இல்லை. கஷ்டப்பட்டதால்தானே நாமெல்லாம் உருப்பட்டோம்? எங்கே தப்பு?

ச., குன்னூர்

அன்புள்ள ச.,

முதலில் கீஸரைப் போடுங்கள். லைன் வீட்டில் நாங்கள் டிசம்பரில் வெந்நீரில்தான் குளித்தோம். நீங்களும் அப்படித்தான் குளித்திருப்பீர்கள். என்ன, விறகு பொறுக்கி வந்து நாமே காய்ச்சினோம்.

எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு மூட்டுவது 8 வயதிலிருந்து என் வேலை. சீகை விறகு ஈரமாக இருந்தால் லேசில் பிடிக்காது. கற்பூர மரத்துப் பட்டையை முதல் நாள் ராத்திரியே அடுப்போரம் காயப் போட்டு வைக்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டேன். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம், வெறும் புகை. அம்மா மஸ்டருக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கப் போகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து ஊதவில்லை, திட்டவும் இல்லை. நேரமானதும் டீ குடிக்காமலே போய்விட்டாள். வகுப்பில் அன்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அதற்கப்புறம் பட்டையை மறந்ததில்லை.

உங்கள் மகன் நடந்து போவதால் வீட்டில் யாருக்கு என்ன ஆகிறது? பச்சைத் தண்ணீரில் குளிப்பதால் எந்த வேலை முடிகிறது? ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். தண்டனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் அவர்களுடைய 40 வயது வரை கவனித்து வந்தார். வறுமை, குடும்பச் சண்டை, குடி என்று பல கேடுகளுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தலையெடுத்தார்கள். மேடைப் பேச்சில் இவர்களை மட்டும்தான் சொல்வார்கள். மற்ற இரண்டு பங்கினர் 18 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ சிக்கலில் மாட்டினார்கள். கஷ்டம் இரு சாராருக்கும் பொது. தேறியவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தவற்றில் இரண்டு: ஒட்டிக்கொள்ள பாட்டியோ வாத்தியாரோ யாரோ ஒரு பெரியவர், அப்புறம், வீடே நம்பி விட்டிருந்த ஒரு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மாதிரி.

எங்கள் லைனில் என்னோடு விறகு பொறுக்கியவன் ஒருவன் எட்டாவதோடு நின்றான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனிடம் போய்க் கஷ்டம் ஆளை உருவாக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேன் விஷயத்தில் இன்னொன்று. இப்போது தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டுமாடு பட்டப்பகலில் நிற்கிறது. கரடியும் ஊருக்குள் வருகிறது. தனியாக அனுப்பாதீர்கள். நடக்க வைக்கத்தான் வேண்டும் என்றால் அப்பாவும் கூட நடக்கட்டும். மாடு தலையைத் தூக்கிப் பார்த்தால் நிற்பது, கல்லெறியாமல் இருப்பது, அது விலகும்வரை தள்ளி நின்று காத்திருப்பது, இதையெல்லாம் பக்கத்தில் இருந்துதான் காட்ட முடியும். பேச்சும் தானாக வந்துவிடும்.

சரி, என்ன வேலை கொடுப்பது? கரண்டுக்குத்தானே அழுகிறான், அதையே கொடுங்கள். மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் நம் ஊரில் ராத்திரி முழுக்க இருட்டுதான். எமர்ஜென்சி விளக்கை சார்ஜ் போட்டு வைப்பது, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி இருக்கிற இடம், மோட்டார் ஓடாது என்பதால் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, எல்லாம் அவன் பொறுப்பு. மெழுகுவர்த்தி ஏற்றும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள். நீங்கள் ரகசியமாக ஒரு டார்ச்சை ஒளித்து வைக்கக் கூடாது.

முதல் இரண்டு தடவை மறப்பான். அந்த இருட்டில் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று வாயைத் திறக்காமல் உங்கள் கணவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் குளிப்பதைவிட அவருக்கு அதுதான் சிரமம். வேண்டுமானால் டீ குடித்துக்கொள்ளட்டும், கேஸ் இருக்கிறதே.

அன்புடன்.