கட்டியைச் சுற்றியுள்ள அமிலம் கீமோ மருந்தைத் தடுக்குமா? காரநீர் குடித்தால் பலன் உண்டா?

புற்றுநோய்க் கட்டி அமிலத்தன்மை உடையது என்கிறார்களே, காரநீர் (அல்கலைன் வாட்டர்) குடித்தால் கீமோ நன்றாக வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்ஸோரூபிசின் என்னும் செந்நிற மருந்து கையில் இறங்கிக்கொண்டிருந்தபோது என் சித்தியும் இதையே கேட்டார். தலைமாட்டில் உறவினர் வாங்கி வந்த காரநீர்ப் புட்டி இருந்தது.

அமிலம் இருப்பது புற்றுநோய்ச் செல்லுக்குள் அன்று, அதன் வெளியே. ஆக்சிஜன் இருக்கும்போதும் இச்செல்கள் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குவதை ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அந்த அமிலம் உள்ளே தேங்கினால் செல்லுக்கே கேடு என்பதால், செல் புரோட்டான்களை (அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளை) இடைவிடாது வெளியே இறைக்கிறது. அதனால் உட்புறம் சற்றுக் காரமாகவே இருக்க, வெளியே பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 6.5 முதல் 6.9 வரை இறங்குகிறது. இயல்பான 7.4 என்பது 6.8 ஆவது சிறு மாற்றமாகத் தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் நான்கு மடங்காகின்றன.

டாக்ஸோரூபிசின் ஒரு வலுக்குறைந்த காரம். மின்னேற்றம் இல்லாத நிலையில்தான் அது செல்சவ்வை எளிதாகக் கடக்கும். வெளியே உள்ள அமிலத்தில் புரோட்டானைப் பற்றிக்கொண்டுவிட்டால் வாசலிலேயே நின்றுவிடும். தப்பி உள்ளே போனதிலும் ஒரு பங்கு, அமிலம் நிறைந்த லைசோசோம்களில் (செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பைகளில்) சிக்கி, டி.என்.ஏ. இருக்கும் உட்கருவை எட்டுவதில்லை. குளோராம்புசில் போன்ற வலுக்குறைந்த அமில மருந்துக்கோ இதே சூழல் சாதகம், ஆகவே எல்லா மருந்துக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. கட்டியைத் தாக்க வரும் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களும் இந்த அமிலத்தில் சோர்ந்துவிடுகின்றன.

பைகார்பனேட் (ஆப்ப சோடா) கலந்த நீரைக் குடித்த எலிகளில் கட்டியின் பி.எச். உயர்ந்து டாக்ஸோரூபிசினின் பலன் கூடியது உண்மைதான். மனிதர்களிடம் முயன்றபோது அந்தச் சுவையைத் தாங்காமலே பலர் கைவிட்டார்கள். கடையில் விற்கும் காரநீரின் காரம் மிகச் சொற்பம். வயிற்று அமிலமே அதைத் தீர்த்துவிடும். அதையும் மீறி இரத்தத்தில் கலப்பதை நுரையீரலும் சிறுநீரகமும் சரிக்கட்டி 7.35 முதல் 7.45 வரை நிறுத்திவிடும். ஆப்ப சோடாவை அள்ளிக் கரைத்துக் குடிப்பதோ ஆபத்து: சோடியம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

“பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் பைகார்பனேட் ஏற்றினார்களே” என்று சித்தி விடவில்லை. அந்தக் கட்டிலில் இருந்தவருக்குக் கொடுத்தது அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் என்னும் வேறொரு கீமோ மருந்து. அம்மருந்து சிறுநீரகத்தில் படிகமாகாதிருக்கச் சிறுநீரைக் காரமாக்கினார்கள். கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.