அப்பாவின் பழைய ஜூம் பிலிம் கேமராவில் இப்போது நல்ல படம் எடுக்க முடியுமா?

மாயவரத்தில் இருக்கிறீர்கள், பீரோவில் அப்பாவின் கேமரா கிடைத்தது, ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்கான கடைமுகத்துக்குத் துலாக்கட்டப் படித்துறையில் எடுத்துப் பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். அந்த டப்பாவில் என்ன வரும் என்று சொல்ல ஆள் வருவார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் போட்டோகிராஃபர் இல்லை, எஸ்எல்ஆர் என்கிற, லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா வைத்திருப்பவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் எங்கள் அப்பாயியின் முகம் என்று எங்களிடம் இருப்பது அப்படி ஒரு டப்பா எடுத்ததுதான்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூம் இருக்கிறதே என்று ஜூம் போடாதீர்கள். அதை நம்பித்தான் நான் ஒரு ரோலைக் கெடுத்தேன்.

எங்கள் கேமரா மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. ஜூம் 38 முதல் 105 மி.மீ. வரை போகும், எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும். நான் எட்டாவது படித்த வருஷம் ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு போனோம். காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போனது. புஷ்ய மண்டபப் படித்துறையில் கூட்டம். கீழ்ப்படியில் அப்பாயியும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து வாழை இலையில் காப்பரிசி, காதோலை கருகமணி, பழம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேல்படியில் நின்றுகொண்டு ஜூமை முழுக்க இழுத்து இழுத்து எடுத்தேன். கிட்டே போகக் கூச்சம். ஜூம் இருக்கும்போது எதற்கு இறங்க வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. உள்ளே இருந்தது 100 ஸ்பீடு பிலிம், ஸ்பீடு எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் வேண்டும். வெயில் இறங்கிவிட்டது.

ஸ்டுடியோவில் கவரைக் கொடுத்த அண்ணன், "பாதிக்கு மேல கலங்கல் தம்பி, அதையெல்லாம் பிரிண்ட் போடலை" என்றார். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். படித்துறை மொத்தமும் நடுங்கியிருந்தது.

ஏன் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. லென்ஸைச் சுற்றிப் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். எஃப் என்பது லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் விடும் என்பதற்கான எண், எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு. எங்களுடையதில் 38-ல் எஃப் 4.5, 105-க்குப் போனால் எஃப் 9 பக்கம். அதாவது உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட ஷட்டர் நான்கு மடங்கு நேரம் திறந்திருக்கும், அதற்குள் கை ஆடிவிடும். தூரத்தை இழுக்கும்போது ஆட்டமும் பெரிதாகத் தெரியும். பிளாஷ் போட்டாலும் அதன் எட்டும் தூரம் பாதியாகச் சுருங்கும். இந்த மாதிரிச் சின்ன ஜூம் கேமராக்களில் முதலாவதாக 1986-ல் வந்த பென்டாக்ஸ் ஜூம்-70-இல் 35-லிருந்து 70 வரைதான் ஜூம். அப்புறம் வந்தவை 105, 140 என்று நீண்டுகொண்டே போயின, லென்ஸ் இருண்டுகொண்டே போனது.

இன்னொன்று, இந்தக் கேமராக்கள் படச்சட்டத்தின் நடுவில் இருப்பதைத்தான் ஃபோகஸ் செய்யும். எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பது இடைவெளி. எனக்கு அப்பாயியும் மங்கல், அம்மாவும் மங்கல், பின்னால் போன ஆறு மட்டும் ஓரளவு தெளிவு. நடுப்புள்ளியை ஒரு ஆள்மேல் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு சட்டத்தை நகர்த்தி முழுசாக அழுத்த வேண்டும். இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நன்றாக வந்தது ஒன்று. மஞ்சள் கயிறு கட்டும்போது அப்பாயியே, "கிட்ட வாடா, அங்கன நின்னு என்ன எடுக்குற" என்று கூப்பிட்டார். கேமராவை அணைத்துப் போட்டதில் ஜூம் தானாக 38-க்குத் திரும்பியிருந்தது. மூன்றடியில் உட்கார்ந்து எடுத்தேன். அப்பாயி முகம், நடுவிரலில் ஒட்டிய ஈர மஞ்சள், அம்மா கழுத்தில் பாதி விழுந்த முடிச்சு எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மாவின் உச்சந்தலை மட்டும் வெட்டுப்பட்டுப் போனது. பார்க்கும் ஜன்னல் லென்ஸுக்கு மேலே இருப்பதால் கிட்டத்தில் இப்படி ஆகும். ஜன்னலுக்குள் சின்னக் கோடுகள் தெரியும், கிட்டத்தில் தலை அதற்குக் கீழே இருக்கும்படி பாருங்கள். அடுத்த தையில் அப்பாயி தவறிவிட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஆறு வறண்டு கிடந்த வருஷங்களில் எங்கள் தெருப் பெண்கள் அடிபைப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பெருக்கு கும்பிட்டார்கள். அம்மாவும் அங்கேதான் கயிறு கட்டிக்கொண்டார். கேமரா கையில் இருந்தும் நான் எடுக்கவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டு நாற்றங்காலுக்கு உழுது வைத்தவன் வீட்டில், அது படம் எடுக்கிற நாள் இல்லை. வயலே இல்லாதவர்கள் "தண்ணி வராட்டி போர் போடு" என்று சுலபமாகச் சொல்கிறார்கள், அதுதான் எரிகிறது.

சரி, உங்கள் கேமரா. பின்மூடியைத் திறந்து, முன்னாலிருந்து டார்ச் அடித்து லென்ஸைப் பாருங்கள். ஒட்டடை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. நம்மூர் அடைமழை ஈரத்தில், அதுவும் தோல் பைக்குள் வைத்திருந்தால், பிடிக்கத்தான் செய்யும். ஒரு ஓரம் என்றால் பரவாயில்லை, படம் வரும். இனிமேல் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். பேட்டரி பெரும்பாலும் சிஆர்123ஏ, 3 வோல்ட். ஆனால் பின்மூடியைத் திறப்பதற்கு முன்னால், உள்ளே அப்பா பாதியில் விட்ட ரோல் இருக்கிறதா என்று மூடியிலுள்ள சின்ன ஜன்னலில் பாருங்கள். இருந்தால் திறக்காதீர்கள், பேட்டரி போட்டு, சுற்றும் பட்டனை அழுத்தி முழுக்கச் சுற்றிய பிறகு எடுங்கள். கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கடைமுகத்தன்று வானம் மூடித்தான் இருக்கும், 400 ஸ்பீடு பிலிமே வாங்குங்கள். பிளாஷை ஒவ்வொரு முறையும் நீங்களே அணைக்க வேண்டியிருக்கும், பல கேமராக்கள் திறந்தவுடன் பழையபடி ஆட்டோவுக்குப் போய்விடும். ஜூமைத் தொடாமல் மிகக் குறைந்த எண்ணிலேயே (எங்களுடையதில் 38) வைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்குங்கள். கூட்டத்தில் அன்றைக்கு முடியாவிட்டால் மறுநாள் கார்த்திகை முதல் தேதி, கடைமுகத்துக்கு வர முடியாதவர்கள் முழுகும் முடவன் முழுக்கு இருக்கிறது, அன்றைக்குக் கூட்டம் குறைவு.